மது குடிக்காதவர் இத்தாலியின் ஒயின் கிராமங்களில் ஒரு வாரம் தங்கி என்ன செய்வது?

"நான் குடிப்பதில்லை. கணவருக்காக பரோலோ பக்கம் ஒரு வாரம் தங்கினால் எனக்குப் பொழுது போகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் குடிப்பதில்லை. ஓர் அக்டோபரில் மனைவியோடு, பரோலோவுக்குப் பக்கத்து ஊரான லா மோர்ராவில் ஆறு இரவு தங்கினேன். அவள் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்வாள், நான் தண்ணீர். எனக்குத்தான் ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை.

இது வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்துக்குள், அதன் தெற்குப் பக்கம் இருக்கும் லாங்கே என்ற குன்றுப் பகுதி. தூரினிலிருந்து ப்ரா வழியாக ஆல்பா வரை ரயில் உண்டு. அங்கிருந்து பஸ், அதுவும் எப்போதாவதுதான். பரோலோ என்ற பெயரில் ஒயின் செய்ய 11 ஊர்களின் நிலத்துக்கு மட்டுமே உரிமை. இந்த ஊர்கள் பெரும்பாலும் முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றில் நின்றால் அடுத்ததன் கோட்டையோ கோயில் கோபுரமோ கண்ணுக்குத் தெரியும். அதனால் நாங்கள் கார் எடுக்கவில்லை.

லா மோர்ரா 500 மீட்டர் உயரத்தில், பரோலோ 300 மீட்டரில். கொடிகளுக்கு நடுவே இறங்கிப்போகும் பாதையில் திடீரென்று சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு குட்டித் தேவாலயம் வரும். 1914இல் கட்டியது. வழிபாட்டுக்கென்று அர்ச்சிக்கப்படவே இல்லை. ஆலங்கட்டி மழை வந்தால் தோட்டத்து வேலைக்காரர்கள் ஒதுங்கும் இடமாகத்தான் இருந்திருக்கிறது. 1999இல் கலைஞர்கள் சோல் லெவிட் வெளிப்பக்கத்துக்கும் டேவிட் ட்ரெம்லெட் உள்பக்கத்துக்கும் வண்ணம் கொடுத்தார்கள். முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அசட்டுத்தனமாகப் பட்டது. மூன்றாம் நாள் மூடுபனி விலகும்போது பார்த்தேன், அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன்.

அந்த மூடுபனிக்கு அங்கே 'நெபியா' என்று பெயர். பரோலோ ஒயின் செய்யும் நெபியோலோ திராட்சையின் பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். மற்ற ரகங்களைப் பறித்து முடித்த பிறகுதான் இது பழுக்கும், அதனால் அக்டோபரில் போனால் அறுவடையைப் பார்க்கலாம். வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவு நெபியோலோவுக்கு. குளிர்ந்த சரிவுகளில் ஹேசல்நட் மரங்கள். நுட்டெல்லா செய்யும் ஃபெரேரோ நிறுவனம் 1946இல் ஆல்பாவில் தொடங்கியதற்கும் இந்தக் கொட்டைக்கும் சம்பந்தம் உண்டு. இதெல்லாம் காரில் போனால் வெறும் பச்சைதான்.

ஒயின் நிலவறைக்கும் போனேன். கூச்சப்பட வேண்டாம். ருசி பார்க்கும் மேசையில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள், குடிக்கிறவர்களே துப்புகிறார்கள்! பரோலோவை 38 மாதமாவது முதிரவிட வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். என் கண்முன்னே பறித்த குலை கடைக்கு வர மூன்று வருடத்துக்கு மேலாகும் என்று கேட்டபோது, ஆறு நாள் ஒரே ஊரில் கிடப்பது பெரிய சோம்பேறித்தனமாகத் தோன்றவில்லை.

சாப்பாட்டில் ஜாக்கிரதை. முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த 'தாயரின்' என்ற மெல்லிய பாஸ்தாவை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள், அருமை. 'ப்ளின்' என்று கிள்ளி மூடிய குட்டிப் பொட்டலங்கள் வரும், உள்ளே பெரும்பாலும் இறைச்சி. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான வெள்ளை ட்ரஃபிளைச் சீவிப் போடட்டுமா என்று கேட்டால், கிராம் என்ன விலை என்று முதலில் கேளுங்கள்.

நேரம்தான் பெரிய பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடி அசைந்து பரோலோவுக்கு இறங்கினோம். போய்ச் சேர மணி இரண்டே முக்கால். சமையலறை மூடியாயிற்று, இனி ராத்திரி ஏழரைக்குத்தான். ஒரு காபிக் கடையில் ஹேசல்நட் கேக் இரண்டு துண்டு கிடைத்தது. சரி, பஸ்ஸில் திரும்பலாம் என்று நிறுத்தத்துக்குப் போனால், ஞாயிறு பஸ்ஸே கிடையாது. 200 மீட்டர் ஏற்றம், வயிற்றில் கேக். மனைவி லா மோர்ரா வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆல்பாவில் ட்ரஃபிள் சந்தை நடக்கும் அக்டோபர், நவம்பரில் அறை வாடகை ஏறும், முன்பே பதிவு செய்யுங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் காலைவிடாது, பழைய ஷூவே போதும். ஒரு வாரம் அதிகம் என்றால் நாலு இரவாவது தங்குங்கள். அப்புறம், நடுவில் ஞாயிறு வந்தால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.