ஈபி பில்லும் பெட்ரோல் செலவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். கிழக்குத் தாம்பரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, இரண்டு படுக்கையறை வாடகை வீடு. எனக்குச் சோழிங்கநல்லூரில் அலுவலகம்; பைக்கில் போகவர 36 கிலோமீட்டர். மனைவி கம்பெனி பஸ்ஸில் சிறுசேரி போய்வந்துகொண்டிருந்தார். இப்போது இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. "பெட்ரோல் மிச்சம், புகை மிச்சம்" என்று நான் பேசினால் அவர் ஈபி பில்லை எடுத்து நீட்டுகிறார். போன வருஷம் இதே இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், 1,175 ரூபாய். இந்த முறை 720 யூனிட், 4,014 ரூபாய். இருவருக்கும் ஓயாத மீட்டிங் என்பதால் ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு ஏ.சி. உண்மையில் இதில் எது மிச்சம்? ராஜபாளையத்தில் பெற்றோர் இருக்கும் சொந்த வீட்டுக்கே போய்விடலாமா என்றும் யோசிக்கிறோம். மாதம் ஒருமுறை அலுவலகத்தில் தலைகாட்டினால் போதும் என்கிறார்கள்.

எஸ்.
தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

யூனிட், ரூபாய், கிலோமீட்டர் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். அதனால் ஊகம் இல்லாமல் கணக்குப் போட முடிகிறது. பணத்தில் உங்களுக்கு லாபம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. புகைக் கணக்கில் உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம்.

இரண்டு மாதத்துக்கு 40 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பைக்குக்கு ஒரு நாளைக்கு 0.8 லிட்டர், மொத்தம் 32 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 3,200. ஆயில், டயர், செயின், பிரேக் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா போட்டால் இன்னொரு 700. ஆக 3,900 ரூபாய் மிச்சம். ஈபி பில்லில் கூடியது 2,839. கையில் நிற்பது இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்.

இப்போது கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியேறும். 32 லிட்டருக்கு 74 கிலோ. மின்சாரத்துக்கு, மத்திய மின்சார ஆணையம் வருஷாவருஷம் வெளியிடும் நாடு தழுவிய சராசரி யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. நம் மின் கட்டமைப்பில் இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு. தமிழ்நாட்டில் ஆடிக் காற்றில் காற்றாலைகள் நன்றாகச் சுழலும் என்றாலும் மின்கம்பி இந்தியா முழுக்க ஒன்றுதான். நீங்கள் கூடுதலாகக் கேட்கும் யூனிட்டுக்கு எங்கோ ஓர் அனல்மின் நிலையம் கூடுதலாக எரிக்கும். உங்கள் கூடுதல் 320 யூனிட்டுக்கு 224 கிலோ. மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு.

மனைவியின் பயணத்தை நான் மிச்சத்தில் சேர்க்கவில்லை. அவர் ஏறாவிட்டாலும் கம்பெனி பஸ் ஓடும். அந்தத் தடத்தில் பலரும் வீட்டில் இருந்து, கம்பெனி ஒரு பஸ்ஸை நிறுத்தினால்தான் டீசல் மிச்சமாகும். பறக்கும் ரயிலுக்கும் மாநகரப் பேருந்துக்கும் இதே கதைதான்.

வீட்டிலிருந்து வேலை செய்வது பூமிக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுவதெல்லாம் கார் ஓட்டுகிறவர்களை வைத்துப் போட்ட கணக்கு. சர்வதேச எரிசக்தி முகமை 2020இல் பார்த்தபோது, அலுவலகம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருந்து, காரில் போகிறவர் என்றால்தான் வீட்டிலிருப்பது மிச்சம் என்றது. குறைந்த தூரக்காரர்களுக்கும் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களுக்கும் புகை கூடக்கூட வாய்ப்புண்டு என்பதையும் சேர்த்தே சொன்னது. நீங்கள் அதே 36 கிலோமீட்டரை லிட்டருக்கு 12 கி.மீ. தரும் காரில் தனியாகப் போகிறவராக இருந்தால் இரண்டு மாதத்தில் 120 லிட்டர், 12,000 ரூபாய், 276 கிலோ புகை. அப்போது வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடினாலும் லாபம். பைக் அவ்வளவு சிக்கனமான வண்டி என்பதுதான் உங்கள் பிரச்சினை! மின் ஸ்கூட்டராக இருந்திருந்தால் உங்கள் வாதம் இன்னும் பலவீனமாகியிருக்கும். 36 கிலோமீட்டருக்கு அதற்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றேகால் மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும்.

அலுவலகத்தில் மிச்சமாகும் மின்சாரத்தை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். மிச்சமானால்தானே சேர்ப்பதற்கு? உங்கள் நாற்காலி காலியாக இருப்பதால் அந்தத் தளத்தின் ஏ.சி. நிற்காது. கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்காவில் முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை செய்பவரின் வேலை சார்ந்த கரியமிலம் 54 சதவீதம் வரை குறையலாம் என்றது. வாரம் இரண்டு முதல் நான்கு நாள் வீட்டிலிருந்தால் 11 முதல் 29 சதவீதம். ஒரே ஒரு நாள் என்றால் வெறும் 2. அங்கே குறைவதற்கு முக்கியக் காரணம் அலுவலகத்தின் மின்சாரம்தான். அந்த 54ஐ எடுத்துத் தாம்பரத்தில் ஒட்டக்கூடாது. ஆனால் அதிலிருந்து கேட்கத் தகுந்த ஒன்று உண்டு: ஆளாளுக்கு ஒரு நாள் வராமல், குழு முழுதும் ஒரே நாட்களில் வருவது, மற்ற நாட்களில் தளத்தையே பூட்டுவது, பஸ் தடங்களைக் குறைப்பது. எந்த மனிதவளத் துறையிடமாவது இதைக் கேட்க முடிந்தால் அது உங்கள் வீட்டு ஏ.சி.யை அணைப்பதைவிடப் பெரிய வேலை.

இனி வீட்டுக்குள் வருவோம். 320 யூனிட்டை 40 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 8. இரண்டு லேப்டாப்பும் ஒன்பது மணி நேரம் ஓடினால் சேர்ந்து ஒரு யூனிட்டைத் தாண்டாது. பழைய 75 வாட் மின்விசிறி இரண்டு, ஒன்றரை யூனிட்டுக்குள். மீதி ஐந்தரைக்கு மேல் ஏ.சி.தான். ரவுட்டரை அணைப்பது, சார்ஜரைப் பிடுங்குவது எல்லாம் மனத் திருப்திக்கு.

முதல் வேலை, இரண்டு ஏ.சி.யை ஒன்றாக்குவது. சின்ன அறையைத் தேர்ந்தெடுங்கள், மேற்குச் சுவர் இல்லாததாகப் பார்த்து. இருவரும் அங்கேயே உட்காரலாம். மீட்டிங் மோதும் நேரத்தில் ஒருவர் ஹாலுக்குப் போகட்டும். வாய்க்கு அருகில் மைக் வரும் ஹெட்செட் இருந்தால் பக்கத்து ஆளின் குரல் பெரும்பாலும் அடங்கிவிடும். லேப்டாப்பில் இருக்கும் மைக்கை நம்பினால்தான் ஆளுக்கு ஒரு அறை தேவைப்படுகிறது. இரண்டாவது ஏ.சி.க்கு ஆகும் மின்செலவில் ஒரே பில் சுழற்சிக்குள் நல்ல ஹெட்செட் வாங்கிவிடலாம்.

அடுத்தது வெப்பநிலை. மின்விசிறியோடு சேர்த்து 26 டிகிரி வையுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 22லிருந்து 26க்கு வந்தால் கிட்டத்தட்ட கால்வாசி. சீக்கிரம் குளிரட்டும் என்று 18இல் போட்டுவிட்டு மறந்துபோவதுதான் பல வீடுகளில் நடப்பது. அறை 26க்கு வருவதற்கு ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும், ஆனால் 18 வரும்வரை கம்ப்ரஸர் விடாது உழைக்கும். மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள வீட்டில் கோடைக்கு 18 வரவே வராது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் காட்டிக் கழுவுங்கள். வெளி யூனிட் மாடியில் வெயிலில் நின்றால் மேலே நிழல் கொடுக்கலாம், ஆனால் காற்று வெளியேறும் முகத்தை மறைத்துவிடக் கூடாது. மறைத்தால் சூடான காற்றே திரும்பத் திரும்ப உள்ளிழுக்கப்பட்டு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

உங்கள் வீட்டில் உண்மையான எதிரி கூரை. கான்கிரீட் தளம் காலை முழுக்க வெயிலை வாங்கி, பிற்பகலிலிருந்து இரவு வரை கீழே இறக்கும். ஏ.சி. அறைக் காற்றைக் குளிர்விக்கிறது, தளம் மேலிருந்து சூடாக்குகிறது, ஏ.சி.யை நிறுத்திய கால் மணியில் பழையபடி புழுங்குவது இதனால்தான். வெயிலைத் தளத்துக்கு வராமல் தடுப்பதே வழி. மாசியில், மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன், மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட் அடியுங்கள். மழைக்காலத்தில் கரைந்துவிடும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். நிறைய வருஷம் நிற்க வேண்டுமானால் கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பெயின்ட் உண்டு, அந்தச் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டப் பாருங்கள். கசிவும் குறையும் என்று சொன்னால் காதுகொடுப்பார். ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ கோரைப் பாயோ தொங்கவிடுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை தடுத்து என்ன பயன், சூடு அறைக்குள்தான் இருக்கும்.

இப்படிச் செய்து ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்றைப் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை ஓட்டினால் நாளுக்கு 2 யூனிட் அளவில் முடியும். லேப்டாப்போடும், ஒரே அறை என்பதால் ஒரே மின்விசிறியோடும் சேர்த்து 3.7. நாற்பது நாளுக்கு 148. மொத்தம் 548 யூனிட்.

இங்கேதான் நிறுத்திக்கொள்ளக் கூடாது. 2024 ஜூலையில் திருத்திய வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதற்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. கோட்டைத் தாண்டினால் அந்த 2.35 காணாமல் போய், 101லிருந்தே 4.70 ஆகிவிடும், மேலே 600 வரை 8.40, அதற்கு மேல் 800 வரை 9.45. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501க்கு 2,048. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். உங்கள் 320 கூடுதல் யூனிட்டுக்குச் சராசரியாக 8.87 விழுந்ததும் இதனால்தான்.

548ஐ 500க்குள் இழுக்க எளிய வழி மின்விசிறி. அறைகளிலும் ஹாலிலும் இருக்கும் மூன்று விசிறிகளையும் 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) விசிறியாக மாற்றினால், எல்லா அறைகளிலும் சேர்ந்து நாளுக்கு 22 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 60 யூனிட் குறையும். 488 யூனிட், 1,729 ரூபாய். ஒவ்வொரு பில்லிலும் 700க்கு மேல் மிச்சம். விசிறிகளுக்கு 9,000 ரூபாய் ஆனாலும் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் ஆனால் போட்ட காசு திரும்பும். புகைக் கணக்கும் அப்போதுதான் உங்கள் பக்கம் சாய்கிறது: கூடுதல் 88 யூனிட்டுக்கு 62 கிலோ, மிச்சமான பெட்ரோலுக்கு 74. வித்தியாசம் 12 கிலோ, ஐந்து லிட்டர் பெட்ரோல் அளவு. அலுவலகம் போனாலும் விசிறி மாற்றலாமே என்று மனைவி சொல்வார். அதுவும் சரிதான்.

கோட்டுக்குள் நிற்க மீட்டரைப் பார்க்க வேண்டும். போன பில்லில் ரீடிங் எடுத்த தேதியும் எண்ணும் இருக்கும். ஞாயிறுதோறும் மீட்டரில் கே.டபிள்யூ.ஹெச். என்று காட்டும் எண்ணைக் குறித்து, நாளுக்கு 8.3 யூனிட்டுக்குள் போகிறதா என்று பாருங்கள். நாற்பதாம் நாள் 333ஐத் தாண்டியிருந்தால் இன்னும் இருபது நாள் இருக்கிறது, சரிசெய்ய. (வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வசூலிக்கும் வீடுகளில் இந்தப் படிக்கணக்கு எதுவும் வாடகைக்காரருக்குப் பொருந்தாது. உங்களுக்குத் தனி இணைப்பு இருப்பது அதிர்ஷ்டம்.)

ராஜபாளையம் விஷயம். வாடகை மிச்சம் பெரிது, மேலே சொன்ன எல்லாவற்றையும் விழுங்கும் அளவு. ஆனால் பழைய வருமான வரி முறையில் இருந்தால், வாடகை கொடுக்காத மாதத்துக்கு வீட்டு வாடகைப்படி விலக்கு கிடையாது. அந்தப் படி முழுக்க வரிக்குள் வரும். புதிய முறையில் அந்த விலக்கே இல்லை, அதனால் இழப்பும் இல்லை. மாதம் ஒருமுறை சென்னைக்கு வருவதைப் பொதிகை எக்ஸ்பிரஸில் வையுங்கள். காரில் வந்தால் போகவர 1,100 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. என்றாலும் 73 லிட்டர், 168 கிலோ. பைக்கை நிறுத்தி இரண்டு மாதத்தில் சேமித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரே பயணத்தில் போய்விடும்.

சொந்த வீடு என்பதால் அங்கே சோலார் போடலாம். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் அளவில் வரும். 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அலுவலகம் போகிறவர் வீட்டில் பகல் மின்சாரம் கட்டமைப்புக்குத்தான் போகும். நீங்கள் பகலில் வீட்டிலேயே ஏ.சி. ஓட்டுகிறவர், வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமும் உங்களுக்கு ஏ.சி. தேவைப்படும் நேரமும் ஒன்று. பேட்டரி இல்லாத சோலார், மின்தடையின்போது தானும் நின்றுவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் மீட்டிங் இருந்தால் ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். வேண்டும். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள்; 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் யு.பி.எஸ். மாட்டினால் ரவுட்டர் எரியும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைவாக இருந்தால் அடிக்கடி அணைந்து அணைந்து வரும். தாம்பரம் வீட்டைக் காலிசெய்யுமுன் ஒரு வாரம் அங்கே போய் வேலை செய்து பாருங்கள். அந்த வாரத்தில் ஒரு மின்தடை நாள் வருகிற மாதிரி.