வூஃபரைக் கொடுத்துவிடாதீர்கள், உதிர்ந்தது ஃபோம் மட்டும்தான்

கேள்வி: 1991-இல் அப்பா வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் வீட்டில் இருக்கிறது. 8 அங்குல வூஃபர் (பாஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்). அதன் நடுவில் ஆடும் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் தொட்டால் கருப்பு மாவாக உதிர்கிறது, பாஸ் வரும்போது கரகரவென்கிறது. "மேக்னட் வீக் ஆகிவிட்டது. புது வூஃபர் மாட்டலாம், பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார் கடைக்காரர். நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஸ்பீக்கர் இன்னும் கடையில் இருந்தால் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

உதிர்ந்திருப்பது பாலியூரித்தேன் ஃபோம். காற்றின் ஈரம் பட்டே அது 15, 20 வருடத்தில் மக்கிவிடும். பாட்டுப் போட்டாலும் மக்கும், துணி போட்டு மூடி வைத்தாலும் மக்கும். அது போனதால் வூஃபரே போய்விட்டது என்று ஆகாது.

மேக்னட் வீக் என்ற பேச்சை நம்ப வேண்டாம். அந்தக் காலத்து வூஃபரின் பின்னால் இருக்கும் தடித்த கருஞ்சாம்பல் வளையம் ஃபெரைட். வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்டதால் 30 வருடத்தில் அதன் சக்தி குறையாது. மேக்னட் உண்மையிலேயே செத்துவிட்டது என்றால் பழைய வூஃபரை அவர் ஏன் விலை கொடுத்துக் கேட்கிறார்? ஃபோம் வளையத்தை மாற்றி நல்ல விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக மாட்டுவதும் உங்கள் பெட்டிக்குப் பொருந்தாது. 8 அங்குலம் என்பது வெளி அளவு மட்டும்தான். பெட்டியின் கொள்ளளவும் உள்ளேயிருக்கும் கிராஸ்ஓவரும் (பாஸையும் கீச்சொலியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) பழைய வூஃபருக்காகக் கணக்குப் போட்டுச் செய்தவை. வேறொன்றை மாட்டினால் பாஸ் பானைக்குள் பேசுவது போலக் கேட்கும்.

வேலையில் இறங்குமுன் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து வூஃபரின் இரு முனைகளில் தொடுங்கள். 8 ஓம் வூஃபர் 5.5 முதல் 7 வரை காட்டினால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. அதற்கு ரீகோனிங்தான் (கோனையும் காயிலையும் புதிதாகப் போடுவது) வழி, ஃபோம் வளையத்தை மாற்றிப் பயனில்லை.

கழற்றும்போது ஒரு கவனம் வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் கோனுக்கு அருகே கொண்டுபோனால் மேக்னட் அதைச் சட்டென்று இழுக்கும், நுனி கோனைக் குத்திக்கொண்டு போய்விடும். ஒரு கையைக் கோனுக்குக் காவலாக வைத்துக்கொண்டே திருகுங்கள்.

புது ஃபோம் வளையத்தை "8 இன்ச்" என்று கேட்டு வாங்காதீர்கள். கோனின் விட்டம், ஃபோம் மேட்டின் உள்விட்டம், வெளிவிட்டம், வூஃபரின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஒட்டும் ஓரத்தின் விட்டம் என்று நான்கையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பழையது கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா என்று பிய்க்கும் முன்பே போனில் படம் எடுத்துவையுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கவில்லை என்றால் ஆன்லைனில்தான் தேட வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022-இல் இணையதளமே திறந்தது. ஆனால் ஒரு ஃபோம் வளையத்தின் அளவைக்கூடச் சொல்லாமல் விற்ற ஸ்பீக்கர்களுக்கு இன்றைக்கும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நாமேதான் அலைய வேண்டியிருக்கிறது. இது நியாயமே இல்லை.

பழைய ஃபோமையும் பிசினையும் மொட்டைக் கத்தியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம்.

பசைதான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம். காகிதக் கோனுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும். மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் உங்கள் கோன் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்காக இருந்தால் வெள்ளைப் பசை ஒட்டவே ஒட்டாது. ஒட்டினது போலக் காட்டும், ஒரு மாதம் ஓடும், பிறகு பிளாஸ்திரி உரிவது போல வளையம் முழுசாக உரிந்துவரும். எது என்று கண்டுபிடிக்க, சட்டத்தின் இடைவெளி வழியாகக் கோனின் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஊறிக் கருத்தால் காகிதம், முத்தாக உருண்டு நின்றால் அநேகமாக பிளாஸ்டிக். முன்பக்கம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பூச்சு பூசிய காகிதமும் முன்னால் பளபளக்கும். பிளாஸ்டிக் என்றால் ஒட்டும் ஓரத்தை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, ரப்பர் பசையை மெல்லியதாகப் பூசி ஒட்டுங்கள். எந்தக் கோனுக்கும் சூப்பர் க்ளூ கூடாது. அது கல்லாக இறுகி, மேலும் கீழும் ஆட வேண்டிய ஓரத்தை வெடிக்க வைத்துவிடும்.

முதலில் வளையத்தைக் கோனோடு மட்டும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் வெள்ளைப் பசையால் சட்டத்தோடு ஒட்டுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே இரு கை விரல்களாலும் கோனை எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாக அழுத்தி விடுங்கள். உள்ளே 'சர்' என்று உரசினால் காயில் நடுவில் இல்லை என்று அர்த்தம். உரசல் போகும்வரை ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, துணி க்ளிப் போட்டு 24 மணி நேரம் காயவிடுங்கள். ஒன்று நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் மாற்றிவிடுங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே கிராஸ்ஓவரையும் பாருங்கள். அங்கிருக்கும் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இத்தனை வருடத்தில் மதிப்பு மாறியிருக்கும், ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) மங்கிக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதே மைக்ரோஃபாரட், குறையாத வோல்ட், நான்-போலார் என்று சொல்லி வாங்குங்கள். கையில் இருக்கிறதே என்று ஒருபக்கம் மைனஸ் கோடு போட்ட சாதாரணக் கெபாசிட்டரை மாட்டிவிடும் மெக்கானிக்குகள் உண்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை வூஃபரின் சிவப்பு முனையிலும் மைனஸை மறுமுனையிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு வூஃபரிலும் கோன் ஒரே பக்கம் நகர வேண்டும், பெரும்பாலும் வெளியே வரும். ஒன்று மட்டும் உள்ளே போனால் அதன் ஒயர்களை மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து பாடும்போது பாஸ் காணாமல் போகும். பெட்டியில் திருகு ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருந்தால் பல்குத்தும் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, காய்ந்த பிறகு திருகுங்கள்.