பட்டறைப் பதில்கள்: மச்சானின் இஷாப்பூர் துப்பாக்கி

கேள்வி: ஐயா, ஒத்தக்கடையில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் பழைய இந்திய ராணுவத் துப்பாக்கி ஒன்றை அங்கே கடையில் முறைப்படி வாங்கியிருக்கிறார். ‘ஆர்.எஃப்.ஐ., 2ஏ1, 1967’ என்று பொறித்திருக்கிறது. முன்கட்டையை (குழலுக்கு அடியில் ஓடும் மரம்) பாதியாக அறுத்து, மான் வேட்டைத் துப்பாக்கி மாதிரி வீட்டு ஷெட்டிலேயே மாற்றப் போகிறாராம். பின்கட்டையை (தோளில் ஊன்றும் மரம்) நான் தேக்கில் செதுக்கி பார்சலில் அனுப்ப வேண்டுமாம். செய்யலாமா? அது 303 தானே?
- வாசகர், ஒத்தக்கடை

பதில்: தம்பி, செதுக்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். நம் ஆயுதச் சட்டம் (1959) ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே எடுத்துக்கொள்கிறது. செய்வதற்கும் உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் உரிமம் வேண்டும். வெறும் மரக்கட்டைதானே என்று பார்சல் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அது 303 (பிரிட்டிஷ் காலத்து லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கி) இல்லை என்பதை மச்சானிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 2ஏ1 என்பது 7.62 மி.மீ. தோட்டாவுக்காக, 1962 சீனப் போருக்கு அப்புறம் வங்காளத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் (அதுதான் ஆர்.எஃப்.ஐ.) புதிதாகவே செய்தது. பழைய 303-ஐத் துளை மாற்றிக் கொடுத்தார்கள் என்று பலர் சொல்வது தவறு. கூடுதல் வலுவுள்ள எஃகு அதில் போட்டார்கள். 303 தோட்டாவை அதில் போடக் கூடாது. தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு போல்ட் மாட்டியிருந்தால், அங்கே உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக் கேஜ் (இடைவெளி சரியா என்று அளக்கும் கருவி) போட்டுப் பார்க்காமல் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது.

இனி அறுக்கிற விஷயம். ராணுவத்தில் ஈ.எம்.இ. என்ற பழுதுபார்ப்புப் பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவனாக இருந்தவன் நான். இந்த லீ-என்ஃபீல்டு குடும்பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டித்தான் என் வாலிபம் போனது. அதனால் மனசாரக் கேட்கிறேன், அறுக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரித் துப்பாக்கிகள் அமெரிக்காவில் மலிவாகக் குவிந்தன. 1968-ல் புதிய சட்டம் வரும்வரை தபாலிலேயே வாங்க முடிந்தது. வேட்டைத் துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்கள் அந்த உபரித் துப்பாக்கிகளை வாங்கி முன்கட்டையை அறுத்து, மூக்குப் பூணை (முனையில் உள்ள உலோகப் பூண்) கழற்றி எறிந்து, எடையைக் குறைத்துக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு அங்கேயே நல்ல வேட்டைத் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கிறது. அறுக்காமல் மிஞ்சிய ராணுவத் துப்பாக்கிதான் அரிதாகி வருகிறது, விலையும் அதற்குத்தான். இஷாப்பூர் தொழிலாளி கை வைத்த பொருள், ஏதோ ஒரு ஜவான் தோளில் கிடந்த பொருள். ஒரு முறை அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது.

கை துறுதுறுவென்று இருக்கிறது என்றால் மரத்தைப் பழுது பார்க்கட்டும், அதில் வேலை நிறையவே இருக்கிறது. முதல் விதி: துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும். இரண்டாவது, முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைக் கழற்றவே கூடாது. பின்கட்டையை உள்ளே ஒரு நீள போல்ட் பிடித்திருக்கும் (மேலே சொன்ன போல்ட் வேறு, இது திருகாணி). இந்தக் குடும்பத்தில் அந்த போல்ட்டின் நுனி சதுரமாக இருந்து, முன்கட்டையின் பின்புறத் தகட்டுக்குள் பொருந்தி நிற்கும். முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருகினால் சதுரம் சுழன்று மரத்தை ‘சடக்’ என்று பிளந்துவிடும். நீங்கள் கேள்விப்படும் பாதி விரிசல்கள் இப்படி வந்தவைதான்.

சுடும்போது வரும் உதையை, முன்கட்டையின் பின்பக்கத்தில் உள்ள இரண்டு சின்ன மர முகங்கள்தான் வாங்குகின்றன. பல வருட எண்ணெய் ஊறி அவை பஞ்சு மாதிரி ஆகியிருந்தால், வெளியே எவ்வளவு மெருகேற்றினாலும் பயன் இல்லை. மச்சான் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம் அது. முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு தெரியும். யாரோ ஒட்டுப்போட்டது என்று நினைத்து நிரவிவிட வேண்டாம், மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரிலேயே போட்டது.

உப்புத்தாள் போடாதீர்கள் என்று எழுதுங்கள். மரத்தில் குத்திய முத்திரைகள் போய்விடும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் ஆவி ஏறி மரம் எழும்பிக்கொள்ளும். நீங்களே மேசை நாற்காலிக்குச் செய்கிற வைத்தியம்தான். காய்ந்த பிறகு ஆளி விதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளங்கையால் தேய்த்து, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைக்க வேண்டும். பளபள வார்னிஷ் அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

கேள்வி: என் 0.177 ஏர் ரைஃபிளின் கட்டை வெளுத்துவிட்டது. நானே எண்ணெய் போடலாமா? ஸ்பிரிங்கையும் மாற்றி வேகம் கூட்ட ஆசை.
- வாசகர், திருமங்கலம்

பதில்: எண்ணெய் தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூட்டை வெளிவிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். நம் மதுரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போடுங்கள். ஸ்பிரிங் வேண்டாம். 0.177 அளவும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் இருப்பதால்தான் உங்களுக்கு உரிமம் தேவைப்படவில்லை. அதைத் தாண்டினால் கதை வேறு.

கேள்வி: தாத்தா காலமாகிவிட்டார். உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. குழல் நீளம், லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கலாம் என்கிறார் சித்தப்பா.
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: சித்தப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள் அம்மா. உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டம் 6-வது பிரிவின்படி குற்றம், லேத்காரரும் சேர்ந்து மாட்டுவார். உரிமம் தாத்தா பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.