துணி மூட்டைகளை அனுப்ப வேண்டாம், தம்பி

தேவகோட்டைத் தம்பிக்கு,

டிட்வா புயலில் வீடிழந்த இலங்கை மலையக மக்களுக்காக உங்கள் தேவாலயப் பங்கு இளைஞர்கள் 40 மூட்டைத் துணி சேர்த்திருக்கிறீர்கள். எப்படி அனுப்புவது, நேரில் போய் வீடு கட்டித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

துணியை அனுப்பாதீர்கள். சுனாமி நேரத்தில் காரைக்குடியிலிருந்து நாகப்பட்டினம் போனபோது கண்ணால் பார்த்தேன். சாலையோரம் ஊறிக் கிடந்த கம்பளிச் சட்டைகள், மேலே ஒற்றைக் குழந்தைச் செருப்பு. எடுக்க ஆளில்லை.

பணம் திரட்டுங்கள். ஆனால் பங்கு அறக்கட்டளைக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுச் செலவுக்கு நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லையென்றால் அந்தத் தொகைக்கு வரிவிலக்குக் கிடைக்காது. மறைமாவட்டச் சமூகப்பணி மையம் வழியாகக் அங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாஸ் இலங்கையிடம் பேசுங்கள்.

வீடு விஷயத்தில் அவசரமே கூடாது. 2014-இல் இலங்கை மலையகத்து மீரியபெத்தையில், தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளான லயன் வீடுகளையே மண்சரிவு மூடியது. எந்தச் சரிவில் கட்டலாம் என்று அங்குள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த மலை அவருக்குப் புதிது. அந்தக் கூலி அங்குள்ள கொத்தனாருக்கே போகட்டும்; அவர்களும் பிழைப்பை இழந்து நிற்பவர்கள்தானே.

அப்புறம், சேர்த்த துணியில் நல்லதைப் பிரித்துப் பக்கத்து முதியோர் இல்லத்தில் கேட்டுப் பாருங்கள்.