கூரைக் கவசத்தின் கனத்தில் ஒரு மட்கார்டு: பெரிய டாங்கி மாடலுக்கு உதிரிகளை நாமே செய்வது

கேள்வி: 1:16 அளவில், இரண்டாம் உலகப் போர்க்காலச் சோவியத் டாங்கியான டி-34-85-இன் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதற்கு முன் 1:35 அளவில் பத்துப் பன்னிரண்டு மாடல்கள் செய்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெரியதைப் பாதி ஒட்டிப் பார்த்ததும் பொம்மை மாதிரி தெரிகிறது. மட்கார்டு 1 மி.மீ. தடிமன். கைப்பிடிக் கம்பிகள் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கின்றன. பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூடான டரெட் சோப்புக் கட்டி போல வழவழவென்று இருக்கிறது. சில உதிரிகளை நானே செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? கிடைத்த வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சக்கரங்களைச் சுற்றி ஓடும் டிராக்கையும் நானே செய்ய வேண்டுமா?

பதில்: பொம்மை மாதிரி தெரிவது பெரும்பாலும் கனத்தால்தான். உங்கள் மட்கார்டின் 1 மி.மீ.-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 16 மி.மீ. வரும். நிஜ டி-34-இன் உடல்கூட்டுக் கூரைக் கவசமே 20 மி.மீ. தான். சேறு தெறிக்காமல் தடுக்க வைத்த தகடு உங்கள் மாடலில் ஏறக்குறையக் கூரைக் கவசத்தின் கனத்தில் நிற்கிறது. 1:35-இல் இதே தப்பு இருந்தாலும் கண் கண்டுகொள்ளாது. 1:16-இல் விளிம்பு நேராகக் கண்ணில் படும்.

அதனால் பசையைத் தொடுவதற்கு முன் ஒரு துண்டு அட்டையில் இந்தக் கணக்கை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். உடல்கூட்டின் முன், பக்கக் கவசம் 45 மி.மீ., மாடலில் 2.8. சாலைச் சக்கரத்தின் விட்டம் 830 மி.மீ., மாடலில் ஏறக்குறைய 52. டிராக்கின் அகலம் 500 மி.மீ., மாடலில் 31.25. டரெட்டின் முன்பக்கம் 90 மி.மீ., மாடலில் 5.6. எந்த உதிரியைச் செய்யப் போனாலும் 'இது நிஜத்தில் எத்தனை மில்லிமீட்டர்?' என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். எந்தப் பொருளில் செய்வது என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும்.

இனி வரைபடச் சிக்கல். முதலில் சக்கரத்தை அளந்து பாருங்கள். 1:16 என்று போட்டிருக்கும் தாளில் சக்கரம் 52 மி.மீ. இல்லாமல் 50 இருந்தால், வரைந்தவரைத் திட்டாதீர்கள். பல நேரம் பிரிண்டர்தான் படத்தைத் தாளுக்குள் அடக்கச் சுருக்கியிருக்கும். அளவு சரியாக இருந்தும் வரைபடங்கள் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டுமே சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. போரின்போது டி-34-85-ஐ நீஷ்னி தாகிலில் இருந்த 183-ஆம் எண் ஆலை, கோர்க்கியின் 112, ஓம்ஸ்க்கின் 174 என மூன்று ஆலைகள் செய்தன. டரெட்டின் வார்ப்பு வடிவமும் கைப்பிடிகள் இருக்கும் இடமும் ஆலைக்கு ஆலை மாறும். போருக்குப் பின் போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் செய்தார்கள். 1960-களில் பல வண்டிகளைப் புதுப்பித்தபோது, நட்சத்திரமீன் வடிவில் விலா வைத்த டி-54 வகைச் சக்கரங்களை மாட்டினார்கள். இன்று காட்சிக்கு நிற்கும் வண்டியைப் படம் பிடித்து அதை 1945-இன் பெர்லின் டாங்கி என்று செய்துவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்கள் உண்டு. எந்த ஆலை, எந்த ஆண்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

வரைபடத்தில் இல்லாத உதிரிக்குப் புகைப்படமே அளவுகோல். நேர் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் சக்கரம் 41.5 மி.மீ. இருந்தால், படத்தின் 1 மி.மீ. நிஜத்தில் 20 மி.மீ. பக்கத்தில் இருக்கும் கருவிப்பெட்டியின் நீளத்தை இப்படியே எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பொருள் சக்கரத்தின் அதே தளத்தில் இருக்க வேண்டும். பின்னால் தள்ளி இருக்கும் டரெட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் சிறியதாகவே வரும்.

சரி, தொடக்கம் எங்கே? மட்கார்டில் தொடங்குங்கள். டாங்கியின் முழு நீளத்துக்கும் ஓடுவதால் மாற்றம் உடனே கண்ணுக்குத் தெரியும். கெட்டுப்போனாலும் ஒரு துண்டுத் தகடுதான் நட்டம்.

நிஜத் தகடு 2 மி.மீ.-ஐ ஒட்டியது என்று வைத்துக்கொண்டால் நமக்கு வேண்டியது 0.125 மி.மீ. அந்தக் கனத்தில் பிளாஸ்டிக் ஷீட் துவண்டுவிடும். 0.1 அல்லது 0.15 மி.மீ. பித்தளைத் தகடுதான் ஒழுங்கு. கடையிலிருந்து வரும் பித்தளை விறைப்பாக இருக்கும், வளைத்தால் திமிறும். விளக்கை மங்கலாக்கிவிட்டு, தகட்டை மெல்லிய தீயில் காட்டுங்கள். மங்கிய சிவப்பு எட்டிப்பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நொடி விட்டாலும் இவ்வளவு மெல்லிய தகடு சுருண்டு உருகிவிடும். ஆறியதும் கையில் எடுத்துப் பாருங்கள், ஈயம் மாதிரிக் குழையும். முன்பக்க வளைவுக்கு, கிட்டின் பழைய மட்கார்டையே அச்சாக வைத்து, தகட்டை அதன்மேல் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவிவிடுங்கள். ஓர மடிப்புக்கு இரண்டு எஃகு அளவுகோல்களுக்கு நடுவில் தகட்டை நெருக்கிப் பிடித்து, மரத்துண்டால் மொத்தமாகச் சாய்க்க வேண்டும். குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மடித்தால் ஓரம் அலை அலையாக வரும், பிறகு எதைச் செய்தாலும் நேராகாது.

மட்கார்டு அடிபட்டு நசுங்கியது போலக் காட்ட விரும்பினால், அதை வண்டியில் பொருத்துவதற்கு முன்பே செய்துவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் குத்திவிடக் கூடாது. மட்கார்டின் அடியில் தாங்கு சட்டங்கள் இருக்கின்றன. தகடு தொய்வது ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையில்தான், அதுவும் வெளி ஓரத்தில். சட்டங்களை முதலில் செய்து வைத்துவிட்டு அவற்றுக்கு நடுவே பென்சிலின் மழுங்கிய முனையால் அழுத்தினால் போதும், ஏதோ ஒரு மரத்தில் உரசிப் போன வண்டி மாதிரியே இருக்கும்.

பித்தளையைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கச் சூப்பர் குளூ மட்டும் போதாது. அது இறுகியதும் நொறுங்கும் தன்மை கொண்டது. ஒரு தட்டுத் தட்டினால் முழு மட்கார்டும் கழன்று வரும். மூன்று நான்கு இடத்தில் துளை போட்டு மெல்லிய கம்பி ஆணி கொடுத்து, எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள். நகர்த்திச் சரிபார்க்கவும் நேரம் கிடைக்கும்.

இன்னொன்று. இடது பக்கம், வலது பக்கம் என்று தகட்டின் அடியில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் முதல் தடவை இரண்டு மாலைகள் உட்கார்ந்து இரண்டு அழகான மட்கார்டுகள் செய்தேன். இரண்டுமே வலது பக்கத்துக்கு உரியவை.

கைப்பிடிகள் சுலபம். பழையதைச் செதுக்குவதற்கு முன் இரு முனைகளிலும் ஊசியால் புள்ளி வைத்துவிடுங்கள், செதுக்கிய பிறகு இடம் தெரியாது. பித்தளைக் கம்பியைத் தனித்தனியாக அளந்து வளைத்தால் ஆறும் ஆறு விதமாக வரும். ஒரு மரத்துண்டில் சரியான இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்து, அவற்றைச் சுற்றி எல்லாவற்றையும் வளையுங்கள். துளையில் செருகியதும் கம்பிக்கும் கவசத்துக்கும் நடுவே ஒரே கனமுள்ள பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் கம்பி உட்காரும்படி ஒட்டுங்கள். பட்டையை உருவினால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். அடியில் எபாக்ஸி பட்டி ஒரு கடுகளவு வைத்து ஊசியால் கிளறிவிட்டால் வெல்டிங் ஆகிவிடும்.

போல்ட் தலைகளுக்கும் அதே கணக்குதான். 12 மி.மீ. போல்ட்டின் தலை, ஒரு பட்டையிலிருந்து எதிர்ப்பட்டைக்கு 19 மி.மீ. இருக்கும். மாடலில் 1.2 மி.மீ. அறுகோணப் பிளாஸ்டிக் குச்சியை அரை மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் ஆயிற்று. தேவைக்கு இரண்டு மடங்கு நறுக்குங்கள், பாதி தரையில் போய்விடும்.

கவசத் தகட்டை நீங்களே செய்ய நேர்ந்தால், உதாரணமாகப் பின்பக்கத் தகட்டை மாற்ற நினைத்தால், 2 மி.மீ. ஷீட்டும் 0.75 ஷீட்டும் சேர்த்தால் 2.75 வரும். நிஜத்தில் 44 மி.மீ., போதும். சிக்கல் ஒட்டுவதில் இருக்கிறது. இரண்டு அகன்ற ஷீட்டுகளுக்கு நடுவே திரவப் பசையை நிறைய ஊற்றி அழுத்தினால், கரைப்பான் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பெயின்ட் அடித்துப் பல வாரம் கழித்துத் தகடு உப்பும் அல்லது வளையும். உட்பக்கம் வரும் ஷீட்டில் விரல் அகலத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள் போட்டு, பசையைக் குறைவாகத் தடவி, கனமான எதையாவது மேலே வைத்து இரண்டு மூன்று நாள் மறந்துவிடுங்கள். நான்கு பக்கமும் மூடிய பெட்டி எதைச் செய்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மூச்சுத் துளை கட்டாயம். அப்புறம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாடை தலைவலி தரும்.

வெல்டிங் கோட்டில்தான் நிறையப் பேர் அளவு மீறுகிறார்கள், பற்பசை பிதுக்கியது மாதிரி. கீவிலிருந்து நீஷ்னி தாகிலுக்கு இடம்பெயர்ந்த யெவ்கேனி பத்தோனின் வெல்டிங் ஆய்வுக்கூடம் அங்கே டாங்கி உடல்களுக்குத் தானியங்கி வெல்டிங்கைக் கொண்டுவந்தது. பொடிக்கு அடியில் மின்வில் எரியும் முறை அது. அதில் வரும் நீண்ட நேர்க்கோடு தட்டையாக, சீராக இருக்கும். மூலைகளிலும் சிறு உதிரிகளின் அடியிலும் கையால் வைத்ததுதான் அலை அலையாக, மேடு பள்ளமாக இருக்கும். நீங்கள் செய்வது தாகில் வண்டி என்றால் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுங்கள். எபாக்ஸி பட்டியை நூல் போல உருட்டி, தண்ணீர் தொட்ட விரலால் மூலையில் படுக்கவைத்து, தேய்ந்த கத்தி முனையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். தானியங்கிக் கோட்டுக்கு வரி வேண்டாம், லேசாக மட்டப்படுத்தினால் போதும்.

டரெட் வார்ப்பு என்பதால் அதற்குச் சொரசொரப்பு வேண்டும். ஆனால் மறுபடியும் கணக்கு. நிஜத்தில் 1 மி.மீ. மேடு, மாடலில் 0.06 மி.மீ. திரவப் பசையில் கரைத்த பட்டியைக் கட்டையான தூரிகையால் குத்திக் குத்தி வைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாளால் தலையைச் சீவிவிடுங்கள். விரல் நுனிக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குச் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரிய வேண்டும். சொரசொரப்பைவிட டரெட்டுக்கு உயிர் கொடுப்பது அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஓடும் விளிம்புக் கோடுதான். அதை மெல்லிய பிளாஸ்டிக் இழையால் ஒட்டி, அங்கங்கே அரத்தால் மழித்துவிடுங்கள். கூரைத் தகட்டின் மேல் சொரசொரப்பு வைத்துவிடாதீர்கள். அது உருட்டிய தகடு, வார்ப்பு இல்லை.

கடைசியாக டிராக். நீங்களே செய்ய வேண்டாம். ஒரு பக்கத்துக்கே 72 பட்டைகள், ஒன்றுக்குப் பல் உண்டு, அடுத்ததற்கு இல்லை. பட்டைக்குப் பட்டை 172 மி.மீ. இடைவெளி, மாடலில் 10.75. ஒரு பட்டையில் 0.1 மி.மீ. பிசகினாலும் 72-இல் 7 மி.மீ.-க்கு மேல் போய்விடும். ரப்பர் அச்சில் வார்த்தாலும் ரெசின் சற்றுச் சுருங்கும், அந்தச் சுருக்கமும் சேர்ந்துகொள்ளும். உலோகத்தில் தனித்தனிப் பட்டைகளாக வரும் டிராக் வாங்குங்கள். டி-34-க்கு மேல்தாங்கி உருளைகள் கிடையாது, மேல் ஓட்டம் சக்கரங்களின் தலையில் படிந்து கிடக்கும். உலோகத்தின் எடைக்கு அது தானாகவே படியும், பிளாஸ்டிக்கில் ஒட்டி ஒட்டித் தொய்வைக் காட்ட வேண்டும். கோக்கும்போது ஊசிகளின் தலை வண்டியின் உட்பக்கம் இருக்கட்டும். நிஜ வண்டியில் வெளிப்பக்கம் பூட்டு எதுவும் இல்லை. உள்ளே நழுவும் ஊசியைத் திரும்பத் தட்டித் தள்ள, பின்பக்கப் பற்சக்கரத்துக்கு அருகே உடலில் ஒரு சாய்வுத் தகடு வைத்திருந்தார்கள். உங்கள் கிட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்கார்டில் மிஞ்சிய துண்டே போதும், டிராக்கைக் கோப்பதற்கு முன் ஒட்டிவிடுங்கள். கோத்த பிறகு அங்கே விரல் நுழையாது.