ஏ.என்.எம். முடித்த நான், வேலையை விட்டுவிட்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 26 வயது. பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமம். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படித்து 1,200-க்கு 846 மதிப்பெண் எடுத்தேன். பிறகு ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பை முடித்து, பதிவும் செய்து, கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 12,500 ரூபாய். என்னோடு அதே வார்டில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு 19,000. கணவர் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் குறுவையும் சம்பாவும் செய்கிறார். செலவு போக ஆண்டுக்கு 90,000 நிற்கும். மூன்று வயதில் ஒரு மகள். மகளிர் குழுக் கடன் 38,000 பாக்கி. ஏழு பவுன் நகை இருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். பஸ் கட்டணம் உட்பட ஆண்டுக்கு 95,000. இன்னொரு தரகர், வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் இரண்டே ஆண்டில் பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நகையை அடகு வைத்துச் சேர்ந்துவிடலாமா?

பதில்: படியுங்கள், சகோதரி. ஆனால் அந்தத் தனியார் கல்லூரியில் வேண்டாம், நகையை வைத்தும் வேண்டாம். தரகரின் தொலைபேசி எண்ணை இப்போதே அழித்துவிடுங்கள்.

முதலில் கணக்கு. நான்கு ஆண்டுக் கட்டணம் 3,80,000 ரூபாய். எல்லோரும் இதை மட்டும்தான் செலவு என்று எழுதுகிறார்கள். நர்சிங் முழுநேரப் படிப்பு. காலையில் வகுப்பு, மற்ற நேரத்தில் மருத்துவமனைப் பயிற்சி என்று நாள் முழுவதும் போய்விடும். இரவுப் பணி பார்த்துக்கொண்டு படிக்கலாம் என்பதெல்லாம் நடக்காது. ஆகவே 48 மாதச் சம்பளம் 6,00,000 ரூபாயும் போகிறது. மொத்தம் 9,80,000. படித்து முடித்து இதே ஊரில் 19,000-க்குச் சேர்ந்தால் மாதம் 6,500, ஆண்டுக்கு 78,000 ரூபாய் கூடுதலாக வரும். போட்ட பணம் திரும்பிவரப் பன்னிரண்டரை ஆண்டு ஆகும். அப்போது உங்களுக்கு 42 வயது கடந்திருக்கும். நான் இதில் கடன் வட்டியைச் சேர்க்கவே இல்லை.

பட்டம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அதை எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் வார்டில் 19,000 வாங்குகிறவர்களிடம் அவர்கள் படித்தது பட்டமா, டிப்ளமாவா என்று கேட்டுப் பாருங்கள். ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமா படித்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மூன்றாண்டு ஜி.என்.எம். முடித்தாலும், நான்காண்டு பி.எஸ்சி. முடித்தாலும் நர்சிங் கவுன்சிலில் கிடைப்பது ஒரே பதிவுதான்: பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற தாதி. உங்களிடம் இப்போது இருப்பது துணைச் செவிலியர் பதிவு. உங்கள் சம்பளத்தை அடுத்த படிக்கு ஏற்றுவது இந்தப் பதிவு மாற்றம். பட்டம் அதற்கும் அடுத்த படி. இரண்டையும் ஒரே மூச்சில் வாங்கியாக வேண்டும் என்பதில்லை.

ஜி.என்.எம். சேர பிளஸ் டூவில் 40 சதவீதம் போதும். பதிவு பெற்ற ஏ.என்.எம். செவிலியர்களும் சேரலாம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி சொல்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை ஒட்டிய செவிலியர் பள்ளி ஒன்றில் உங்களுக்கு இடம் கிடைத்தால், கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாவற்றுக்குமாக மூன்று ஆண்டுக்கு 50,000 என்று தாராளமாகவே போடுங்கள். சம்பள இழப்பு 4,50,000. ஆக ஐந்து லட்சம், ஆறரை ஆண்டில் திரும்பிவிடும். ஏ.என்.எம். படித்ததற்காக ஓராண்டு கழிப்பார்களா என்று பலர் கேட்கிறார்கள். கழிக்க மாட்டார்கள், முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு வேலையில் இருந்துகொண்டு பணம் சேர்த்து, இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் கைக்கு வந்துவிடும்.

தரகர் சொல்லும் இரண்டாண்டுப் பட்டம் இதுதான். ஜி.என்.எம். முடித்து, செவிலியராகப் பதிவும் செய்தவர்களுக்கு மட்டுமே உரிய படிப்பு. ஏ.என்.எம். படித்தவரை அதில் சேர்க்க வழியே இல்லை. அப்படியானால் அவர் ஒன்று பொய்ச் சான்றிதழ் தரப்போகிறார், அல்லது பணத்தை வாங்கிக்கொண்டு மறையப்போகிறார். வகுப்புக்குப் போகாமல் வாங்கிய சான்றிதழ், வேறு மாநிலத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் பதிவை மாற்றும்போதோ, வெளிநாட்டு வேலைக்குப் பயிற்சி நேரங்களைச் சரிபார்க்கும்போதோ சிக்கிக்கொள்ளும். அப்போது உங்கள் பழைய பதிவுக்கும் சேர்த்து ஆபத்து.

பி.எஸ்சி. எப்போது சரி? உங்களுக்கு உயிரியல் பிரிவும் 70 சதவீத மதிப்பெண்ணும் இருக்கின்றன. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் எடுத்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதால் தகுதியில் குறையில்லை. மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அரசுக் கல்லூரியிலோ, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டிலோ இடம் கிடைத்தால் நான்காண்டு போனாலும் சேரலாம். ஜி.என்.எம்., போஸ்ட் பேசிக் என்று போனால் ஐந்தாண்டு, நேரடி பி.எஸ்சி. நான்காண்டு. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலும் பட்டம் பயன்படும். வளைகுடா நாடுகளின் அரசு மருத்துவமனைகள் பெரும்பாலும் பட்டத்தையே கேட்கின்றன. விளக்கக் குறிப்பேடு வந்ததும் முதலில் வயது வரம்பைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அரசு வேலைதான் இலக்கு என்றால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இப்போது கையில் இருக்கும் ஏ.என்.எம். சான்றிதழை வைத்தே கிராம சுகாதார செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2023-இல் வெளியிட்ட அறிவிப்பில் 2,250 இடங்கள் இருந்தன. ஊதிய விகிதம் 19,500 முதல் 62,000 வரை, காலமுறை ஊதியம். அதே வாரியம் தேர்ந்தெடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களோ 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, நிரந்தரமாகப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். அதிகம் படித்தவருக்குத் தொடக்கத்தில் குறைந்த சம்பளம்! இதற்கு நியாயம் என்னவென்று என்னிடம் கேட்காதீர்கள். நீண்ட காலத்தில் ஸ்டாஃப் நர்ஸின் ஊதியம் மேலே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த அறிவிப்பு வரும்போது, படித்துக்கொண்டிருந்தாலும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இதில் வேலை கிடைத்தால் நான் மேலே எழுதிய கணக்கு முழுவதையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

இனிக் கடன். நகைக் கடனைக் கல்விக்கு வாங்கினால் அடுத்த மாதமே வட்டி ஓடத் தொடங்கும். உங்கள் வருமானமோ நின்றிருக்கும். வங்கிக் கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை ஈடும் வேண்டாம், கைப்பணமும் வேண்டாம். திருமணமான உங்களுக்குக் கணவரே இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடலாம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. உங்கள் வருமானம் 2,40,000-தான். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கி, வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்.

இந்த மானியம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. 95,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் கடன் வாங்கினால், தவணை தொடங்குவதற்கு முன்பே 1,33,000 ரூபாய் தனிவட்டி சேர்ந்திருக்கும். அசலுக்கு மட்டும் பத்தாண்டுத் தவணை மாதம் 5,020 ரூபாய். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் கடன் தர வங்கிகள் தயங்குகின்றன. அந்தக் கல்லூரியை நான் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க் கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கல்லூரிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று அந்தப் பணத்தில் கை வைத்தால், தேதி தவறி வட்டியும் வரும், அடுத்த போகத்துக்குக் கடனும் சிக்கலாகும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் தள்ளிப்போனாலும் கல்லூரிக்காரர்களுக்குக் கவலையில்லை. சேர்க்கைக் கட்டணம் கேட்கும் மாதங்களில்தான் சம்பாவுக்கு நாற்று, நடவு, உரம் என்று வயலும் பணம் கேட்கும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வங்கிக் கணக்கில் பணம் ஏறுவது தை, மாசியில். அதனால் கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பொங்கலுக்குப் பிறகு கட்ட அனுமதி கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

சேர்வதற்கு முன் குழுக் கடனை முடித்துவிடுங்கள். இப்போதைய சம்பளத்திலிருந்து மாதம் 4,000 ஒதுக்கினால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். வருமானம் இல்லாத காலத்தில் குழுத் தவணை கழுத்தைப் பிடிக்கும், பக்கத்து வீட்டுப் பெண்களோடு உறவும் கெடும். ஏழு பவுனை மகளுக்கு உடம்புக்கு வந்தால், மழையில் பயிர் சாய்ந்தால் என்று பத்திரமாக வையுங்கள்.

வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் போய்விடும். உங்கள் சம்பளம் நின்றதும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 90,000 ஆகிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கான வரம்பு 1,20,000. ஆகவே அந்த அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், கணக்கு அப்படியே இருக்கட்டும். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். பிறகு வேறு மருத்துவமனையில் சேரும்போது பழைய ஆண்டுகளும் அதில் சேரும்.

கடைசியாக, உங்கள் அசல் சான்றிதழ்கள் மருத்துவமனையில் இருக்கின்றனவா? பல இடங்களில் வேலையில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இருந்தால், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஏதாவது சரிபார்ப்புக் காரணம் சொல்லி வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு நாளில் நகல் செல்லாது.