லூமென் பார்த்து ஏமாறாதீர்கள்: கடலடி டார்ச் கேள்வி பதில்

டைவிங் டார்ச் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, "எத்தனை லூமென் வாங்கலாம்?" என்பதுதான். அதிலிருந்தே தொடங்கலாம்.

கார்த்திக், சென்னை: அண்ணா, ஆன்லைனில் 10,000 லூமென் டார்ச் 3,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறான். புதுச்சேரியில் டைவ் செய்யத்தான். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது குவிந்து வருகிறதா, பரவி வருகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு பீம் கோணத்தை, அதாவது வெளிச்சம் விரியும் கோணத்தைப் பார்க்க வேண்டும். 8 டிகிரிக்குள் அடங்கிய 1,000 லூமென், 120 டிகிரிக்குப் பரப்பிய 5,000 லூமெனைவிட அதிக தூரம் காட்டும்.

புதுச்சேரிக் கடல் ஒரு நாள் கண்ணாடி போல இருக்கும், மறுநாள் நீட்டிய கையே தெரியாது. கலங்கல் நீரில் அகலமான வெளிச்சம் போட்டால் மிதக்கும் தூசியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். மூடுபனியில் ஹை பீம் போட்டு ஊட்டி மலை ஏறியவர்களுக்கு இது புரியும். உங்களுக்கு 1,000 முதல் 1,500 லூமென், 6 முதல் 10 டிகிரி கோணம் போதும். வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்கட்டும். இரவு டைவில் நான் பாதி நேரம் குறைத்துத்தான் வைத்திருப்பேன். அகலமான பீம் வீடியோ எடுப்பவர்களுக்கு, அதுவும் தெளிந்த நீரில்.

அப்புறம், அந்த மலிவு டார்ச்சோடு வரும் 18650 என்ற அளவு பேட்டரியில் '9,900 எம்ஏஎச்' கொள்ளளவு என்று அச்சடித்திருப்பார்கள். அந்த அளவு செல்லில் நல்ல தயாரிப்பே சுமார் 3,500தான். லேபிளிலேயே புளுகுபவன், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் மட்டும் நேர்மையாக இருப்பானா?

ரமேஷ், மதுரை: ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தால் டைவிங்குக்குப் போதுமா?

போதாது. அது தண்ணீர் புகாத தன்மைக்கான தரக்குறியீடு. 1 மீட்டருக்கு மேல், தயாரிப்பாளர் சொன்ன ஆழம் வரை தாங்கும் என்பதே அதன் பொருள். அந்த ஆழம் 2 மீட்டராகவும் இருக்கலாம். 30 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 4 மடங்கு. எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 100 மீட்டர் என்றிருந்தால் நிம்மதி.

நஸ்ரின், திருகோணமலை: சேர், நாங்கள் பகலில் 15 மீற்றருக்குள்தான் இறங்குகிறோம். டோர்ச் தேவையா?

கட்டாயம் இல்லை. ஆனால் ஒருமுறை கொண்டுபோனால் அடுத்த முறை விட்டுவிட்டுப் போக மாட்டீர்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 10 மீட்டரிலேயே சிவப்பெல்லாம் மங்கிய பழுப்பாகிவிடும். அங்கே டார்ச்சைப் பக்கத்தில் பிடித்தால், சாம்பலாகத் தெரிந்த பாறை சட்டென்று சிவப்பும் ஆரஞ்சுமாக மாறும். ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் தூரம் வரைதான் இந்த வித்தை. ஒளி போய்த் திரும்புவதும் அதே தண்ணீர் வழியாகத்தானே. பாறை இடுக்கில் பதுங்கியிருக்கும் சிங்கி இறாலையும், பாம்பு போல நீண்ட அஞ்சாலை மீனையும் வெளிச்சமில்லாமல் பார்க்கவே முடியாது.

செல்வம், சிங்கப்பூர்: மாலத்தீவுக்குப் பறக்கிறேன். பேட்டரியை எந்தப் பையில் வைப்பது?

கைப்பையில். உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பையில் போடக் கூடாது. பேட்டரியில் அடங்கும் மின்னாற்றல் 100 வாட்-ஹவர் வரை இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 5,000 எம்ஏஎச் உள்ள, 18650-ஐவிடச் சற்றுப் பெரிய 21700 செல் வெறும் 18 வாட்-ஹவர்தான். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

டார்ச்சிலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒருமுறை என் பைக்குள் டார்ச் தானாக எரிந்து, ஒரு நல்ல டி-ஷர்ட் பொசுங்கியது. இந்த டார்ச்சுகளைக் குளிர்விப்பது கடல் நீர்தான். கரையில் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு நண்பர்களுக்குக் காட்டும் பழக்கமும் வேண்டாம்.

ஜான், தூத்துக்குடி: இரண்டாவது டைவிலேயே டார்ச்சுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. என் தப்பா, டார்ச்சின் தப்பா?

பத்தில் எட்டு முறை நம் தப்புதான். கோபப்படாதீர்கள், என்னுடைய முதல் டார்ச்சும் அப்படித்தான் போனது. ஓ-ரிங்கின் மேல் ஒரே ஒரு தலைமுடி கிடந்திருக்கிறது. கரையில் தெரியவில்லை, 18 மீட்டரில் தெரிந்தது.

பேட்டரி மாற்றும்போதெல்லாம் ஓ-ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் பஞ்சு வராத துணியால் துடையுங்கள். டார்ச்சோடு கொடுத்த கிரீஸை, ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அப்பினால் மணல் ஒட்டும். தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் கூடாது. படகில் ஈரக்கையோடு திறக்கவே திறக்காதீர்கள். டைவ் முடிந்ததும் மூடியபடியே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகு திறவுங்கள்.

தண்ணீர் புகுந்த டார்ச்சுக்குள் வாயு சேர்ந்திருக்கலாம். திறந்தவெளியில், முகத்துக்கு நேரே பிடிக்காமல், மெதுவாகக் கழற்றுங்கள். உப்புநீர் பட்ட செல்லைத் திரும்ப சார்ஜ் போடாதீர்கள். காசு போனால் போகட்டும்.

தினேஷ், மட்டக்களப்பு: அண்ணா, ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க எந்த டோர்ச் நல்லது?

1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். முதலில் அந்த எல்லையைத் தாண்டி இறங்குவதற்கான டெக்னிகல் டைவிங் பயிற்சி எடுங்கள், டார்ச்சை அப்புறம் பார்க்கலாம். எந்தக் கப்பலானாலும் உள்ளே நுழைவதென்றால் ஒருவருக்கு மூன்று விளக்கு: ஒன்று கையில், இரண்டு உடம்பில்.

இலக்கியா, கோவை: சார், அடுத்த மாதம் முதல் நைட் டைவ். பயமாக இருக்கிறது. அப்புறம், தூங்கும் மீன்களுக்கு நம் வெளிச்சம் தொல்லை இல்லையா?

இரண்டு டார்ச் கொண்டுபோங்கள். பெரியது அணைந்தால் சின்னதை எடுத்து, கூட வந்த டைவருக்குக் காட்டிவிட்டு மேலே வாருங்கள். டைவ் அத்தோடு முடிந்தது. டார்ச் ஒளியால் கடல் தரையில் வட்டம் போட்டால் 'ஓகே'. வேகமாக இடவலமாக ஆட்டினால் ஆபத்து, அதனால் சும்மா ஆட்டாதீர்கள். கை ஜாடை காட்டும்போது வெளிச்சத்தை உங்கள் கைமேல் அடியுங்கள், எதிரில் இருப்பவர் முகத்தில் அல்ல.

மீன்களுக்கு நம் வெளிச்சம் தொல்லைதான். கிளிமீன்களில் சில தன்னைச் சுற்றி சளிக்கூடு கட்டிக்கொண்டு தூங்கும். அதன்மேல் நேராக அடிக்காமல், பீமின் ஓரம் மட்டும் படும்படி பிடியுங்கள். சிவப்பு ஒளி இருந்தால் இன்னும் நல்லது. லயன்ஃபிஷ் விஷயத்தில் மட்டும் கதை தலைகீழ். டைவர்கள் அடிக்கடி வரும் இடங்களில் அது நம் பின்னாலேயே வந்து, நம் வெளிச்சத்தில் மாட்டும் சின்ன மீனை லபக்கென்று விழுங்கும். நீங்கள் ஒரு மீனை ரசித்துக்கொண்டிருக்கும்போதே அது காணாமல் போனால் திகைக்காதீர்கள்.